தாச்சி வைக்காத தீபாவளிகள்

ஐப்பசி மாதத்தில் மட்டக்களப்பு வாவிக்கு ஒரு தனி நிறம் வரும். மேற்கே வயல் வட்டைகளில் விதைப்பு முடிந்து, முதல் மழையின் மண்ணீர் ஓடைகள் வழியே இறங்கிக் கலக்கும்போது, தண்ணீர் பாலுக்கும் தேநீருக்கும் இடைப்பட்ட ஒரு நிறத்தில் அசையாமல் நிற்கும். அமிர்தகழியில் எங்கள் வளவின் கடைசி வேலியிலிருந்து பார்த்தால், அந்த நிறத்துக்கு அப்பால் ஒரு மணல்துண்டு மெல்லிய கோடாகத் தெரியும். அதற்கும் அப்பால் கடல். கடலைக் காண முடியாது. காற்று திரும்பும் வேளைகளில் கேட்க மட்டும் முடியும். பல ஆண்டுகள் பல்கலைக்கழக மாணவருக்குப் புவியியல் கற்பித்தவன் நான். அந்த மணல்துண்டு எவ்வாறு உண்டானது என்பதைப் படம் வரைந்து விளக்க என்னால் முடியும். ஒரு தீபாவளிக் காலையில் அங்கிருந்து புறப்பட்டு எங்களை நோக்கி வந்த தோணியைப் பற்றி மட்டும் நான் எவரிடமும் பேசியதில்லை.

தோணியில் என் மனைவியின் தங்கையும் அவளுடைய கணவரும் மூன்று வயது மகனும் இருந்தார்கள். கடல் ஊருக்குள் வருவதற்கு ஆறு கிழமைகள் இருந்தன. அது அப்போது யாருக்கும் தெரியாத கணக்கு. நினைவில் அந்தத் தோணி இன்னும் மிக மெதுவாகவே வருகிறது. பனிப்புகைக்குள் முதலில் ஒரு சிவப்புத் துணி தெரியும். பிறகு துணியைத் தலையில் போட்டிருக்கும் சிறுவன். பிறகு, அவனுக்குப் பின்னால், மடியில் ஒரு நீல நிற பிஸ்கட் பேணியை இரு கைகளாலும் பிடித்தபடி என் மைத்துனி.

அந்தப் பேணி ஏன் வந்தது என்பதைச் சொல்ல, அந்த வருடத்து மாசி மாதத்துக்குப் போக வேண்டும். நாங்கள் குடியிருந்த வீடு மனைவியின் தாய்வழி வீடு. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு மூத்த மகளுக்குச் சீதனமாக வந்தது. நான் அதற்குள் வந்து குடியேறியவன். தாய் முன்னமே தவறிவிட்டார். என் மாமனார் எங்களோடு இருந்தார். அந்த மாசியில், பகல் உறக்கத்திலேயே, அவரும் போனார். மரணம் நிகழ்ந்த வீட்டிலும், இறந்தவரின் பிள்ளைகள், உடன்பிறந்தோர் வீடுகளிலும் ஆண்டுத் திவசம் முடியும்வரை அடுப்பில் எண்ணெய்த் தாச்சி வைப்பதில்லை. பலகாரம் சுடுவதில்லை, புத்தாடை உடுப்பதில்லை. தீபாவளி வந்தால் மற்ற உறவினர்கள் தங்கள் வீடுகளில் சுட்டதில் ஒரு பங்கை அந்த வீடுகளுக்குக் கொண்டுவருவார்கள். துயரப்படுகிறவர்கள் சுட வேண்டாம், ஆனால் பிள்ளைகளின் வாய் வெறுமையாகவும் இருக்க வேண்டாம் என்பது அதன் பொருள்.

சகோதரிகள் இருவருக்கும் இடையில் அப்போது பேச்சு இருக்கவில்லை. மைத்துனி தகப்பனைக் கேட்காமல் தன் விருப்பப்படி திருமணம் செய்தவள். மாப்பிள்ளை வடக்கே பனிச்சங்கேணியைச் சேர்ந்தவர், தோணி எஞ்சின் திருத்துபவர்; இருவரும் வாவிக்கு அக்கரையில், அந்த மணல்துண்டில் குடியிருந்தார்கள். மாமனார் அதன் பிறகு இளைய மகளின் பெயரைச் சொல்லவில்லை. மனைவி தகப்பனின் பக்கம் நின்றாள். செத்த வீட்டுக்கு மைத்துனி வந்தாள். வாசல் படலையடி முருங்கையின் கீழ் பிரேதம் எடுக்கும்வரை நின்றாள். மனைவி அவளைக் கண்டும் உள்ளே கூப்பிடவில்லை.

ஆகவே அந்தத் தீபாவளிக் காலையில், வேலியோரம் வந்து பார்த்த மனைவி என்ன செய்யப்போகிறாள் என்று அறியாமல் நான் பின்னால் நின்றேன். எங்கள் மகளுக்கு ஆறு வயது. அவள் ஏற்கெனவே தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி, தோணியின் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன், எஞ்சின் நடுவில நிண்டுட்டுது" என்றார் என் சகலன், ஒரு துடுப்பை உயர்த்திக் காட்டி. "எஞ்சின் திருத்துறவன்ட தோணிதான் எப்பவும் நிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. மைத்துனி முற்றத்து எல்லையில் வந்து நின்றுவிட்டாள்.

"ஏன்கா அங்க நிக்கிறாய்? உள்ளுக்கு வா" என்றாள் மனைவி. அந்த வருடத்தில் தங்கையிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"காலெல்லாம் சேறு, அக்கா."

"சேறில்லாத கால் ஆருக்கு இஞ்ச இருக்கு? கழுவிப்போட்டு வா."

மைத்துனி சிரித்தாள். கிணற்றடியில் இருவரும் நின்றார்கள். அக்கா வாளியைச் சரித்து ஊற்ற, தங்கை ஒரு காலை மற்றக் காலில் தேய்த்துக் கழுவினாள். மழைக்கு முந்திய அந்த மங்கல் வெளிச்சத்தில் இருவரும் ஒரே உயரமாகத் தெரிந்தார்கள். நான் அதைப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பகை முடிந்துவிட்டது என்று.

உள்ளே வந்ததும் மைத்துனி பேணியை அக்காவிடம் நீட்டினாள். என் மகள் மூடியைப் பிடித்தாள்.

"சின்னம்மா, இதுக்குள்ள என்ன?"

"பயத்தம் பணியாரம் மனே. கொஞ்சம் முறுக்கும் கிடக்கு."

மனைவியின் கை பேணியின் மேல் அப்படியே நின்றது.

"ஆர் சுட்டது?"

"நான்தான்."

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு அப்பாதான்" என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை. "போய் ஒம்பது மாசம் முடியல்ல. உனக்குத் தாச்சி வைக்க மனம் வந்திருக்கு."

மைத்துனி வாயைத் திறந்ததை நான் கண்டேன். ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் திறந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை மூடிக்கொண்டாள். பிறகு, வழிப்போக்கர் கேட்பதைப்போல, "கொஞ்சம் தேத்தண்ணி தாறியா, அக்கா?" என்றாள்.

தேநீர் குடித்தார்கள். சிறுவனும் என் மகளும் முற்றத்தில் ஓடினார்கள். அவனுடைய சட்டை பலமுறை துவைத்து வெளிறியது, ஒரு பொத்தானுக்குப் பதிலாகக் குத்தூசி. தீபாவளி நாளில் அந்தச் சட்டையை நான் பார்த்தேன். பார்த்தும் அதிலிருந்து எதையும் வாசிக்கவில்லை.

தோணியடிவரை நான் அவர்களோடு போனேன். மைத்துனி மகனைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். சகலன் கயிற்றை அவிழ்ப்பதைப்போலக் குனிந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணன், வீட்டில தாச்சி வைக்கல்ல. மாவையும் பயறையும் கட்டிக்கொண்டு பனிச்சங்கேணிக்குப் போய், எங்கட அம்மாட அடுப்பில சுட்டது. பஸ் மாறி மாறி ரெண்டு நாள் அலைஞ்சவள். அப்பாட ஆண்டு முடியாம எங்கட வீட்டில எண்ணெய் கொதிக்கப்படாதாம். அக்காட்டச் சொல்லுங்க. நான் சொன்னனெண்டு சொல்லாதீங்க, இவள் என்னைக் கொல்லுவாள்."

"சொல்றன்" என்றேன்.

திரும்பி வந்தபோது மனைவி அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். பேணி மேல் தட்டில் இருந்தது.

"என்னவாம் அவர், அவ்வளவு நேரம்?"

"ஒண்டுமில்ல" என்றேன். "எஞ்சினப் பற்றிக் கதைச்சார்."

அந்த வசனத்துக்கான காரணத்தை நான் பலமுறை எனக்குள் கட்டிப் பார்த்திருக்கிறேன். அவள் தோள்கள் நடுங்குவதைக் கண்டேன். தகப்பனுக்காக அழுகிறாள் என்று எண்ணினேன். அழுகிறவளிடம், நீ பிழையாகப் பேசிவிட்டாய் என்று சொல்வது அழகல்ல என்று எண்ணினேன். மாசியில் ஆண்டுத் திவசம் முடிந்ததும் நாங்கள் மூவரும் அக்கரைக்குப் போவோம், தங்கையே அதைத் தன் வாயால் சொல்வாள், அப்படித் தெரிவதே இருவருக்கும் கௌரவம் என்று எண்ணினேன். எல்லாம் நியாயமான எண்ணங்கள். ஒரு வகுப்பில் என்றால் அவற்றுக்கு நான் புள்ளி இட்டிருப்பேன்.

அன்று பின்னேரம், மனைவி பேணியை அயல்வீடுகளுக்குக் கொடுத்தனுப்பு முன், ஒரு பயத்தம் பணியாரத்தை எடுத்து வேலியோரம் நின்று தின்றேன். மிளகு கூடுதலாக இருந்தது. முதலில் வறுத்த பயற்றின் வாசம், கடைசியில் தொண்டையில் ஒரு சூடு. அக்கரையில் சமையல் புகை எழுந்து தென்னைகளுக்கு மேல் படுத்துக் கிடந்தது. மனைவி ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "ஆண்டு முடியட்டும். பேணியைக் கொண்டுபோய்க் குடுத்து, மறுகா அவளோட கதைக்கிறன்" என்றாள்.

மார்கழியில் கடல் வந்தது. அன்று காலை நாங்கள் வேலியடிக்குப் போகவில்லை. தண்ணீர் வேலியைத் தாண்டி வளவின் பாதிவரை வந்து, நின்று, திரும்பியது. சகலன் இக்கரையில் ஒரு எஞ்சினைத் திருத்த விடியலிலேயே புறப்பட்டு வந்திருந்தார். மைத்துனியை மூன்றாம் நாள் வாவிப் பக்கமாகக் கண்டெடுத்தார்கள். சிறுவனைக் கண்டெடுக்கவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு இயலாது.

அந்த வீட்டின் துயரம் இரட்டித்தது. தகப்பனுக்கான ஆண்டு முடியு முன் தங்கைக்கான ஆண்டு தொடங்கியது. அதுவும் முடிந்தது. வழக்கம் அதோடு நின்றது; மனைவி நிற்கவில்லை. அடுத்த தீபாவளிக்கும் தாச்சியை இறக்கவில்லை, அதற்கடுத்த தீபாவளிக்கும் இறக்கவில்லை. வேறு நாட்களில் மீன் பொரித்தாள், மகளுக்கு வாழைக்காய் பொரித்தாள். தீபாவளிக் கிழமை வந்ததும் தாச்சி கரிபிடித்த முதுகைக் காட்டிச் சுவரில் தொங்கும். மகள் கேட்டால், "சின்னம்மாட வருஷம்" என்பாள். எத்தனையாவது வருஷம் என்று மகள் கேட்கவில்லை.

அந்த ஆண்டுகளில் ஒரு மழைநாள், அரிசி புடைத்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "அவள் தாச்சி வச்சதுக்கு நான் ஏசினன். சின்னப் பிள்ளை, ஆசைக்குச் சுட்டிருப்பாள். ஏசாம இருந்திருக்கலாம்."

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நிலைமை மாறியிருந்தது. அவள் தங்கையின் ஒரு குற்றத்தை மன்னிப்பதிலேயே தன் நாட்களை நகர்த்தினாள். அந்தக் குற்றமே நடக்கவில்லை என்று நான் சொன்னால் மன்னிக்க ஒன்றும் மிஞ்சாது. அவள் பேசிய வார்த்தை மட்டும் மிஞ்சும். தீபாவளிப் பின்னேரத்தில் சொல்லியிருந்தால் அது ஒரு செய்தி. இப்போது அது வேறொன்றாகிவிட்டது. நான் புத்தகத்தைத் திருப்பினேன். முறத்தில் அரிசி மேலெழுந்து விழும் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது.

யுத்தம் பனிச்சங்கேணிப் பக்கம் போய் வந்தது. சகலனும் அவருடைய தாயும் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீண்டும் ஊருக்குப் போனார்கள். முகாமில் அறிமுகமான ஒரு பெண்ணை அவர் மறுமணம் செய்தார். அவளும் தன் வீட்டாரை இழந்தவள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. இவை எல்லாம் தொலைபேசியில் ஒவ்வொரு வசனமாக வந்து சேர்ந்தன. யுத்தம் முடிந்த வருடத்து ஐப்பசியில் அவர் அழைத்தார்: "அண்ணன், பாதை திறந்திட்டுது. தீபாவளிக்கு எல்லாரும் வாங்க. அம்மா கேட்டுக்கொண்டு இருக்கிறா."

மனைவி மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்துபோய்த் தட்டிலிருந்து நீலப் பேணியை இறக்கினாள். அடிவிளிம்பில் துரு ஏறியிருந்தது. அதற்குள் கடை பிஸ்கட்டுகளை அடுக்கினாள். "குடுக்கவேண்டிய பேணி" என்றாள்.

அந்தப் பணியாரம் சுட்ட அதே அடுப்படிக்கு, சகலனின் தாயின் முன்னால் போகப்போகிறோம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அங்கே அந்த வார்த்தை எந்த நேரமும் விழலாம். அதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும்.

பஸ்ஸில் சொல்வது என்று முடிவு செய்தேன். ஏறாவூர் கடந்தது. செங்கலடியில் கூட்டம் ஏறி, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சாக்கு மரவள்ளிக் கிழங்கு வந்து நின்றது. அது இறங்கியபோது மகள் தாயின் தோளில் உறங்கிவிட்டாள். வாழைச்சேனைக்கு அப்பால் பாதையின் இரு புறமும் தண்ணீர். நாரைகள் அசையாமல் நின்றன. வானமும் வாவியும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து, பஸ் எங்கே போகிறது என்று தெரியாமல் மிதந்தது. "இஞ்ச பாரன்" என்று தொடங்கினேன். "என்னங்க?" என்று மனைவி திரும்பினாள். அவள் முகத்தில் பல காலமாக நான் காணாத ஒரு ஆறுதல் இருந்தது. ஒரு வீட்டுக்கு விருந்தாகப் போகிறவளின் முகம். அதற்குள் சோதனைச் சாவடி வந்தது. இறங்கி, அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஒரு சிப்பாய் பேணியைத் திறந்து பார்த்து மூடினான். மறுபடி ஏறியதும், "என்னமோ சொல்ல வந்தீங்க" என்றாள்.

"மழை வரப்போகுது எண்டு."

"அது எனக்கும் தெரியுதே" என்று சிரித்தாள்.

சகலனின் வீடு பாதி கட்டி, பாதி தகரம் போட்டிருந்தது. புதிய மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மனைவியை எப்படி அழைப்பது என்று தெரியாமல் அவள் தடுமாறியது தெரிந்தது. மனைவியே முந்திக்கொண்டாள். "அக்கா எண்டு கூப்பிடு. வேற என்னத்தச் சொல்லிக் கூப்பிடப்போறாய்?" என்று குழந்தைக்குக் கை நீட்டினாள். குழந்தை உடனே வந்துவிட்டது.

"பாத்தியா" என்றார் சகலன். "என்னட்ட வாறதுக்கு இவளுக்கு அரை மணித்தியாலம் வேணும்."

"உங்கட எண்ணெய்க் கையப் பாத்தா ஆர் வருவா?" என்றாள் அவர் மனைவி.

சகலனின் தாய், உலர்ந்து குறுகிய உடம்பும் உரத்த குரலும் கொண்டவர், தட்டில் பயத்தம் பணியாரத்தைக் கொண்டுவந்து மனைவியின் முன் வைத்தார். மிளகின் வாசம் எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. நான் எதையாவது பேசத் தொடங்கினேன், கிணற்றைப் பற்றி என்று நினைக்கிறேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"தின்னு புள்ள. உன்ட தங்கச்சியும் இந்த அடுப்படியிலதான் இருந்து சுட்டவள், அந்த வருஷம். எங்க வச்சுச் சுட்டா என்ன எண்டு கேட்டன். 'இல்ல மாமி, அப்பாட ஆண்டு முடியல்ல, என்ட வீட்டில தாச்சி வைக்கப்படாது; அக்கா வீட்டுப் பிள்ளைக்கு ஆர் கொண்டுபோறது' எண்டவள். பேணிய மடியில வச்சுக்கொண்டு பஸ் ஏறினவள். ஒருத்தரையும் தொட விடல்ல."

மனைவி குழந்தையை மெதுவாக அதன் தாயிடம் கொடுத்தாள். சகலனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பார்த்தார் என்பதை இப்போதும் நன்றியோடு நினைக்கிறேன். பிறகு மனைவி ஒரு பணியாரத்தை எடுத்தாள், முழுவதையும் தின்றாள். இன்னொன்றை எடுத்தாள். கண்ணீர் வழிந்தது, மென்று விழுங்குவதை நிறுத்தவில்லை.

"உறைப்புக் கூடிப்போச்சோ?" என்றார் தாய்.

"இல்ல மாமி. நல்லா இருக்கு."

பின்னேரம் நாங்கள் இருவரும் தண்ணீர்க்கரைக்கு நடந்தோம். மழை இன்னும் வரவில்லை. அவள் முன்னால் நடந்தாள்.

"உங்களுக்குத் தெரியும், என்ன?"

"ஓம்."

"தோணியடியில சொன்னாரா?"

"ஓம்."

"எஞ்சினப் பற்றிக் கதைச்சார் எண்டீங்க."

தண்ணீர் பாலுக்கும் தேநீருக்கும் இடைப்பட்ட நிறத்தில், ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது.

"அண்டைக்கு ஒரு தோணி எடுத்துப் போயிருப்பன்" என்றாள். "பேணியோடயே போயிருப்பன்." சிறிது தூரம் நடந்த பிறகு, "இனிமேல் நான் கேக்காட்டியும் சொல்லுங்க" என்றாள். வேறு எதையும் அவள் என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை. அந்தப் பேச்சை மீண்டும் எடுத்ததும் இல்லை. அது மன்னிப்பா என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த தீபாவளிக்கு முதல் நாள் மனைவி தாச்சியை இறக்கி, சாம்பல் போட்டுத் தேய்த்து, அடுப்பில் வைத்தாள். பயத்தம் பணியாரத்துக்கு மிளகைக் கூட்டினாள். முதல் ஈடு பனிச்சங்கேணிக்குப் போனது. அதன் பின் எல்லாத் தீபாவளிகளிலும் ஒரு குடும்பம் மற்றதைத் தேடிப் போயிற்று. ஒரு வருடம் நாங்கள் வடக்கே, மறு வருடம் அவர்கள் இங்கே. அந்தக் குழந்தை வளர்ந்து எங்கள் வேலியோரம் நின்று அக்கரையைப் பார்த்து, அது என்ன ஊர் என்று கேட்டாள். மனைவி சொன்னாள். அவள் சொன்ன விதத்தில் அங்கே இன்னும் தென்னைகளுக்கு மேல் சமையல் புகை படுத்திருந்தது.

இந்தச் சித்திரையில் மனைவி போய்விட்டாள். வைத்தியசாலையில், நான் கதிரையில் இருக்கும்போது. மகள் வெளிநாட்டிலிருந்து வந்து திரும்பிப் போனாள். தாச்சி சுவரில் தொங்குகிறது.

தீபாவளியன்று காலையில் வேலியோரம் நின்றிருந்தேன். படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சகலன் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்க, அவர் மனைவி கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு முற்றத்தில் வந்து நின்றாள். அவளும் வெளிறிய சேலைதான் உடுத்திருந்தாள். இம்முறை அதை நான் வாசித்தேன்.

செருப்பைக் கழற்று முன்பே, "அத்தான்" என்றாள். "எங்கட வீட்டில தாச்சி வைக்கல்ல. அக்காட ஆண்டு முடியல்லத்தானே. இது பக்கத்து வீட்டு அடுப்பில நான் சுட்டது. வந்ததும் முதல்ல அதச் சொல்லவேணும் எண்டு இவர் சொன்னவர்."

அவளுக்கும் மனைவிக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. வழக்கம் அவளை எதற்கும் கட்டுப்படுத்தவில்லை. நான் பெட்டியை வாங்கினேன். இருங்கள் என்று அவர்களுக்குக் கதிரையைக் காட்டினேன். மூடியைத் திறக்கவில்லை. உள்ளறைக்குப் போய் மனைவியின் படத்தின் முன் நின்று, பலகாரம் யார் அடுப்பில் சுடப்பட்டது என்பதை, அவள் கேட்கு முன், சொன்னேன்.